உறங்காதவர் கையில் இரும்பு இல்லை

2024 நவம்பர் 12, செவ்வாய். விடியும் முன் எழுந்து, வாளும் கம்பும் பழகும் எங்கள் களரியைத் திறந்தேன். இரவு மழையில் ஓலைத் தட்டியின் ஓரம் நனைந்திருந்தது. உள்ளே செம்மண் தரை காய்ந்துதான் இருந்தது. விளக்கேற்றினேன். வாள்களை எண்ணெய்த் துணியால் துடைத்தேன். பரிசை என்று நாங்கள் சொல்லும் கேடயங்களைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். எல்லா நாளும் இதே வரிசைதான்.

கரமனையில் எங்கள் களரி சிறியது. காலை வகுப்புக்கு வருகிறவர்கள் நாற்பதைத் தாண்டியவர்கள். பழைய போர்முறை வாள்வீச்சைப் பந்தயத்துக்காகக் கற்கிறவர் இங்கே யாருமில்லை. முதுகுவலிக்காக, மூட்டுக்காக, சர்க்கரைக்காக வருகிறார்கள். அதனால் களரிக்குள் வலது காலை வைக்கும் முன் ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்பேன்: இரவு உறங்கினீர்களா, எங்காவது வலிக்கிறதா, ஏதாவது சாப்பிட்டீர்களா. சரியாக உறங்காதவருக்கு அன்று வாள் கிடையாது, கம்புதான். கெஞ்சினாலும் கிடையாது.

அன்று மழையால் இரண்டே பேர் வந்தார்கள். ஒருத்தி பக்கத்து அக்கிரகாரத்தில் இருப்பவள், அரசு அலுவலகத்தில் வேலை. மற்றவர் மார்த்தாண்டத்துக்காரர், பழவங்காடியில் ஒரு ஹோட்டலில் பரோட்டா போடுகிறவர். இருவரும் உறங்கியதாகச் சொன்னார்கள்.

“ராத்திரி முழுக்கப் பரோட்டா போட்டவர் எப்போ தூங்கினார்னு கேளுங்கோ டீச்சர்,” என்றாள் அவள்.

“நேத்து எனக்கு லீவாக்கும். ஆபீஸ்ல பகல்ல ஒறங்குகதுக்கு, லீவு போட்டு ராத்திரி ஒறங்குகது எவ்வளவோ கொள்ளாம்,” என்றார் அவர்.

வாளும் பரிசையும் கொடுத்து எதிரெதிரே நிறுத்தினேன். களரியில் உடம்பு வாய்த்தாரிக்குத்தான் நகரும். வாய்த்தாரி என்பது நான் உரக்கச் சொல்லும் கட்டளை வரிசை. வெட்டுகிறவருக்கும் தடுக்கிறவருக்கும் அது ஒன்றுதான். மனப்பாடமாகத் தெரிந்திருந்தாலும் குரல் வந்த பிறகுதான் கை எழ வேண்டும். எதிரே இருப்பவரின் பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது.

அன்றைய வரிசையில் விலாவுக்குப் பிறகு தலை, தலைக்குப் பிறகு கணுக்கால். விலா வரை சரியாக வந்தது. அடுத்து அவள் தலைக்கு வெட்டினாள். அவரோ பரிசையைக் கணுக்காலுக்கு இறக்கியிருந்தார். கடைசி நொடியில் அவள் மணிக்கட்டைத் திருப்பியதால் வாளின் பட்டைப் பக்கம் அவர் தோளில் பட்டு நின்றது. மழுங்கிய வாள்தான். ஆனாலும் இரும்பு.

“தலையைக் காட்டிண்டு நிக்கறேளே, என்ன பண்றேள் நீங்க?” அவளுக்கு மூச்சு வாங்கியது.

“டீச்சர் காலுக்குல்லா சொன்னாவ.”

“அதுக்கு முன்னாடி தலைன்னு சொன்னாளே. நான் கேட்டேன்.”

“தலை சொல்லல்ல.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியவில்லை. சொன்ன உணர்வு நாக்கில் இருந்தது; காதில் இல்லை. அவள் என் குரலைக் கேட்டு வெட்டினாளா, பழக்கத்தில் வெட்டினாளா? அவர் ஒரு சொல்லைத் தவறவிட்டாரா? அவர் கையைத் தூக்கச் சொல்லி, சுழற்றச் சொல்லி, தோளில் எண்ணெய் தேய்த்துவிட்டு வகுப்பை முடித்தேன்.

பகலில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே வரிசையைச் சொல்லிப் பார்த்தேன். தலை வந்தது. திரும்பச் சொன்னேன், மறுபடியும் வந்தது. இப்படித் தவறாமல் வருவதுதான் என்னை அதிகம் குழப்பியது. மாலையில் அவர் தோளைப் பார்த்துவரக் கிளம்பினேன். பஸ்ஸிலும் முணுமுணுத்தபடி போனேன். மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்தோ என்னவோ, பக்கத்திலிருந்த பெண் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஹோட்டல் வாசலில் அவர் மாவு வீசிக்கொண்டிருந்தார். தோள் நன்றாகத்தான் சுழன்றது.

“நான் தலை சொன்னேனா இல்லையா? யோசிச்சுச் சொல்லுங்க.”

“அதெ விடுங்க டீச்சர். எனக்க காதுக்கக் குத்தமாட்டும் இருக்கும்.”

“காலையில சொல்லலேன்னு உறுதியாச் சொன்னீங்களே.”

“காலையில உறுதி. இப்போ நீங்க கேக்கும்போ சம்சயமா இருக்கு.” சிரித்தபடி அடுத்த உருண்டையை எடுத்தார். “நாளைக்கும் நீங்க தலைன்னா பரிசையைத் தூக்குவேன். சொல்லல்லேன்னா தூக்க மாட்டேன். எனக்கு அம்புட்டுதான் தெரியும்.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “நீங்க ஒறங்கல்லியா? கண்ணு ஒரு மாதிரி இருக்கே.”

“ராத்திரி மழைச் சத்தம்,” என்றேன்.

திரும்பும் வழியில் அந்தப் பதில் உறுத்தியது. மழை நேற்று மட்டும்தான். சில வாரங்களாகவே நடுராத்திரியில் உடம்பு தகித்து, வேர்வையில் நனைந்து எழுந்து, ஃபேனுக்குக் கீழே விடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன். மாதவிடாயும் தாறுமாறாகிவிட்டது. இதையே என் வயது மாணவி ஒருத்தி சொன்னபோது அவள் கையில் கம்பைக் கொடுத்து, டாக்டரிடம் போகச் சொன்னவள் நான். என்னை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. நான் வாள் பிடிப்பதில்லையே, வெறும் குரல்தானே என்று இருந்துவிட்டேன். இரண்டு வாள்களும் அந்தக் குரலில்தான் நகர்கின்றன.

உறக்கமில்லாத வாய் ஒரு சொல்லை விழுங்கிவிட்டதா, அல்லது அவள் கை முந்திவிட்டதா? எனக்கு விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. நாளைக் காலை அவர் மறுபடியும் தன் தலையை என் குரலை நம்பி நிறுத்துவார் என்பது மட்டும் தெரிந்தது.

புதன்கிழமை விடிந்ததும் முதலில் களரி வாசலில், எப்போதும் அவர்கள் நிற்கும் இடத்தில், வெறுங்காலுடன் போய் நின்றேன். இருவரும் வந்ததும், “இன்னிக்கு அந்த மூணு கேள்வியையும் நீ கேளு. என்கிட்டேர்ந்து ஆரம்பி,” என்று அவளிடம் சொன்னேன்.

“என்ன டீச்சர், எங்களுக்குப் பரீட்சையா? சரி. ராத்திரி தூங்கினேளா?”

“இல்லை.”

அவர் உள்ளே போய் ஒரு கம்பை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். “அப்போ ஆசானுக்கும் இதுதானே,” என்றார். தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டார். வாய்த்தாரியை அவள் சொல்லத் தொடங்கினாள். நான் அவருக்கு எதிரே நின்று, அவள் குரல் வரட்டும் என்று காத்திருந்தேன்.