தவளை லெப்டினன்ட்

கல்லூரியில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான்; தவளை என்றால் திரும்புவான். கைகால்களை விரித்து மடக்கி அவன் நீந்தும் அழகைப் பார்த்து நீச்சல் பயிற்சியாளர் வைத்த பெயர் அது. போன போட்டியிலெல்லாம் கோப்பை. தலைவலி அவனை வளர்த்த அக்காவுக்குத்தான். சமையலறை அலமாரியில் பாத்திரம் வைக்க இடமில்லை.

"இன்னும் ஒண்ணு கொண்டு வந்தா, அதுலதான் உனக்குச் சோறு," என்பாள்.

தண்ணீருக்குள் தலை போனதும் அவனுக்கு உலகம் அடங்கிவிடும். கூச்சலும் பரீட்சைக் கவலையும் மேலேயே நின்றுவிட, தன் நிழல் நீலத் தரையில் வழுக்கிப் போவதை அரைத்தூக்கத்தில் பார்ப்பதுபோல் பார்த்தபடி போவான்.

கடைசி வருடப் பரீட்சை முடிந்ததும் போர் மூண்டது. பட்டதாரிகளை அதிகாரிகளாக எடுத்தார்கள். அவனும் பெயர் கொடுத்தான்.

"நீ ஒருத்தரை அதட்டி நான் பார்த்ததே இல்லையே. எப்படிடா கட்டளை போடுவ?" என்றாள் அக்கா.

"நீ என்னை அதட்டுற மாதிரிதான்."

ஆனால் அதட்ட வரவில்லை. அவனுக்குக் கீழே கொடுத்த முப்பது பேரில் வயதில் மூத்தவர் சார்ஜன்ட். முதல் நாளே நிலைமையைப் புரிந்துகொண்டார்.

"நீங்க மெதுவாவே சொல்லுங்க சார். சத்தத்தை நான் பாத்துக்கறேன்."

அப்படியே இருவரும் ஒரே தொண்டையால் கட்டளையிட்டார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் பின்வாங்கும்போது ஆறு குறுக்கே வந்தது. பாலம் தகர்ந்து கிடந்தது. பின்னால் எதிரி, முன்னால் பனிமூட்டத்தில் அக்கரையே தெரியவில்லை. படையில் வேறு யாருக்கும் நீச்சல் தெரியாது. அவன் பூட்ஸைக் கழற்றினான், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

குளிர் முதலில் கடித்தது, பிறகு மரத்துப்போனது. குண்டுச் சத்தம் எங்கோ பஞ்சுக்குள் வெடிப்பதுபோல் கேட்டது. வெள்ளை வெளியில் மேல் எது கீழ் எது என்று புரியாமல், தூக்கத்தில் நீந்துவதுபோல் நீந்தினான். கை ஒரு வேரில் தட்டியபோதுதான் விழித்தான்.

இரு கரை மரங்களிலும் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கடைசி ஆள் சார்ஜன்ட். எதிரிக்குக் கயிறு உதவக்கூடாதென்று அந்தக் கரையில் அவிழ்த்துத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு குதித்தார். எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். கரைக்கு வந்தது அவர் உடல்தான். குளிரில் இதயம் நின்றுபோயிருந்தது.

அவனுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அதன்பின் அவன் தண்ணீரில் இறங்கவில்லை.

போர் முடிந்ததும் வீட்டுக்குப் போகுமுன் சார்ஜன்ட் வீட்டுக்குப் போனான். மாடியில் ஒற்றை அறை. பாதியை அடைத்துக்கொண்டு தையல் மெஷின். அவர் மனைவி தைப்பதை நிறுத்திவிட்டு அவனை உட்காரச் சொன்னாள்.

"தண்ணி ரொம்பக் குளிரா இருந்துச்சா தம்பி?"

ரயில் நெடுக ஆறுதல் பொய்களைத் தயார் செய்து வந்திருந்தான்.

"ஆமா அண்ணி. ரொம்ப."

"வெந்நீர் இல்லாம குளிக்கவே மாட்டார் அந்த மனுஷன்..." அவள் சிரிக்கத் தொடங்கினாள், சிரிப்பு பாதியில் உடைந்தது. அவனும் அழுதான், போர் தொடங்கிய பிறகு முதல் முறையாக.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்: "எனக்கு நீச்சல் சொல்லித் தருவீங்களா? அவரைக் கொண்டுபோன தண்ணி என்னன்னு தெரிஞ்சுக்கணும்."

கோடையில் அவன் ஊருக்கு வெளியே இருந்த ஏரிக்கு வந்தாள், கூடவே காவலுக்கு அவன் அக்காவும். வெகுநேரம் அவனால் கரையைவிட்டு நகர முடியவில்லை. சார்ஜன்ட் மனைவிதான் முதலில் இறங்கினாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடுப்பளவு நீரில் பல் கிட்டித்தபடி.

"என்ன தம்பி, நான் மட்டுமா விறைக்கணும்? வாங்க!"

அவன் இறங்கினான். கோடை முடிவதற்குள் அவள் தன்பாட்டில் மிதக்கக் கற்றுக்கொண்டாள். அவன் ராணுவத்தை விட்டுத் துறைமுகத்து மீட்புப் படகில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே கட்டளை போடும் தேவை அதிகம் இருக்கவில்லை.