பெருக்கி வைத்த கரை

சிதம்பரம் மேல வீதியில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது செல்வராசுவிடமிருந்து போன் வந்தது. கலியபெருமாள் சாரின் மனைவியுடன் பிறந்தவர் அவர். "டீச்சர், மச்சான் போயிட்டாரு" என்றார். எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். ஓய்வுபெற்ற பிறகும் எந்நேரமும் ஏதாவது ஓர் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர் என்பதால் அப்படித்தான் கேட்கத் தோன்றியது. "மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தாரு. எழுப்பப் போனா எழுந்திரிக்கல" என்று அவரே சொல்லி முடித்தார்.

கடலூர் முதுநகரில் நம் பள்ளியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவர் விசிலுக்குப் பயந்து வரிசையில் நின்ற மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவரை விளையாட்டு ஆசிரியராக மட்டும்தான் தெரியும். சிப்காட் தொழிற்பேட்டைக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம்தான் அவருடைய ஊர். அந்தக் குப்பத்திலிருந்து முதன்முதலாக அரசு வேலைக்கு வந்தவர் அவர்.

நான் புவியியல் பாடம் எடுத்தவள். ஆசிரியர் அறையில் என்னைச் சீண்டாமல் அவர் டீ குடித்ததில்லை. "பஸ் ஜன்னல் வழியா கடலப் பாத்தவங்கல்லாம் கடலப் பத்திப் பாடம் நடத்துறாங்க. புள்ளைங்க பாவம்" என்பார். ஒரு நாள் உலக வரைபடத்தை எடுத்து நீட்டி, "இதுல எங்க குப்பம் எங்க டீச்சர்?" என்று கேட்டார். அதில் கடலூரே கிடையாது என்றேன். "கடலு இருக்கு இல்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் பந்துகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவருடைய ஒழுங்கு உங்களுக்குத் தெரியும். விளையாட்டு விழாவுக்கு முதல் நாள் மைதானத்தில் ஒரு துரும்பு கிடக்கக் கூடாது. செங்கல், சைக்கிள், உடைந்த பெஞ்சு எல்லாவற்றையும் கட்டடத்துக்குப் பின்னால் கொண்டுபோக வைப்பார். வருகிறவர்கள் கண்ணில் சுத்தமான தரை மட்டுமே பட வேண்டும். "தரையப் பாத்துத்தான் நம்மள மதிப்பாங்க" என்பது அவர் அடிக்கடி சொன்ன வாக்கு. குப்பத்தில் பிறந்து இத்தனை பேர் நடுவில் உட்கார வந்த ஒருவருக்கு அந்த வாக்கு எங்கிருந்து கிடைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் அதை மறுத்ததில்லை.

அவர் ஓய்வுபெற்ற பிறகு, கடற்கரை மண்டல வரைபடம் தயாரிக்க அதிகாரிகள் வருகிறார்கள் என்று குப்பத்துக்குத் தகவல் வந்தது. இந்த மண்டலம் என்பதை வகுப்பில் சொல்வதுபோலச் சொல்கிறேன். ஒரு வீட்டில் அடுப்படி இது, படுக்கும் இடம் இது என்று பிரித்து வைத்திருக்கிறோம் அல்லவா? அதுபோலக் கடல் ஏறிவரும் எல்லையிலிருந்து உள்ளே குறிப்பிட்ட தூரம் வரை எங்கே எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று அரசு பிரித்து வைக்கிறது. படகு நிறுத்தும் இடம், வலை காயும் இடம், கருவாடு போடும் களம் எல்லாம் வரைபடத்தில் ஏற வேண்டும். ஏறினால் அந்த இடத்தைத் தொடுவதற்கு மற்றவர்கள் யோசிப்பார்கள். மீனவர் யாரிடமும் அந்த மணலுக்குப் பட்டா இல்லை. தலைமுறையாக எல்லோரும் சேர்ந்து புழங்கும் இடத்துக்கு யார் பட்டா வாங்குவார்கள்?

அதிகாரிகள் வருகிறார்கள் என்றதும் குப்பத்தார் அவரிடம்தான் வந்தார்கள். அவர் தமக்குத் தெரிந்ததைச் செய்தார். படகுகளையெல்லாம் உப்பனாற்றுப் பக்கம் தள்ளிக்கொண்டுபோய்க் கட்டச் சொன்னார். வலைகளைச் சுருட்டி வீட்டுக்குள் வைக்கச் சொன்னார். கருவாட்டுக் களத்தைக் கழுவிவிடச் சொன்னார். "நாத்தம் அடிச்சா வண்டிய விட்டு எறங்க மாட்டாங்க" என்றாராம். பெண்கள் கரை முழுவதும் பெருக்கினார்கள். அதிகாரிகள் நடந்து வரும் வழிக்கு இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போட்டார். வந்தவர்கள் மனம் குளிர்ந்து போனார்கள். "பீச்ச இவ்ளோ சுத்தமா வெச்சிருக்கீங்களே" என்று ஓர் அதிகாரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று மாலை எனக்குப் போன் செய்து, "ஒரு கொறையும் சொல்லல டீச்சர்" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் இன்னும் என் காதில் இருக்கிறது.

சில மாதங்கள் கழித்து வரைவு வரைபடத்தை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். வரைபடம் பார்க்கத் தெரிந்தவள் என்று என்னைக் கடலூருக்கு அழைத்தார். சுவரில் ஒட்டியிருந்த தாளில் உப்பனாற்றைக் கண்டுபிடித்து, அங்கிருந்து விரலை நகர்த்திக் குப்பத்து வீடுகளைக் காட்டினேன். வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவே ஒன்றும் இல்லை. காலி மணல் பரப்பு என்று மட்டும் போட்டிருந்தது. அவர் வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "நாமதான் அன்னிக்கு எல்லாத்தயும் எடுத்துட்டோமே" என்றார். 

அதற்குப் பிறகு ஒரு கம்பெனி வந்தது. கடலுக்குள் குழாய் போடவும் கரையில் தொட்டிகள் கட்டவும் இடம் கேட்டது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். கலியபெருமாள் சார் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு மைக்கின் முன்னால் விறைப்பாக நின்று, அன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மேடையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பதிவு பண்ணிக்கிட்டோம் சார். ஆனா வரைபடத்துல காலின்னுதான் இருக்கு" என்றார். அப்போது சாரின் மனைவி அஞ்சலை எழுந்தார். "விருந்தாளி வராங்களேன்னு பாயச் சுருட்டி வெச்சோம் சாமி. இந்த ஊட்ல யாரும் படுக்கறதே இல்லன்னு எழுதிக்கினு பூட்டீங்களே" என்றார். கூட்டம் சிரித்தது. மேடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, இது முடிந்துபோன விஷயம்.

ரயிலில் உங்கள் இடத்திலிருந்து இறங்கித் தண்ணீர் பிடிக்கப் போகிறீர்கள். அந்த நேரம் பரிசோதகர் வந்து பார்த்து, ஆள் வரவில்லை என்று இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறார். திரும்பி வந்து என்ன வாதாடினாலும், புதிதாக உட்கார்ந்தவர் கையில் இருக்கும் சீட்டுதான் பேசும். கரையிலும் அதுதான் நடந்தது.

குப்பத்தில் யாரும் சாரை நேராகக் குற்றம் சொல்லவில்லை. செல்வராசு மட்டும் விடமாட்டார். "மச்சான் ஸ்போர்ட்ஸ் டே நடத்துனாரு. பரிசுக் கப்ப கம்பெனிக்காரன் தூக்கினு பூட்டான்" என்பார். சாரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்து முடித்ததும் பையை எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்துக்குக் கிளம்பிவிடுவார். போன வருஷம் ஒரு நாள் சிதம்பரத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார். கால் வீங்கியிருந்தது. இன்னும் எதற்கு அலைகிறீர்கள் சார் என்று கேட்டேன். "மாத்துவாங்கன்னு போவல டீச்சர். கேக்குறதையும் நிறுத்திட்டா, நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்" என்றார்.  காபி ஆறிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

அடக்கத்துக்குப் போனபோது கரையில் கம்பெனியின் வேலி வந்துவிட்டிருந்தது. பெண்கள் தார்ச் சாலையின் ஓரத்தில் கருவாடு காயப் போட்டிருந்தார்கள். லாரி வரும்போதெல்லாம் புழுதி பறந்து மீன்மேல் படிந்தது. இடுகாட்டுக்கு மணல்மேலே போகும் பழைய வழி வேலிக்குள் போய்விட்டதால், அவரைச் சாலை வழியாகச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். டேங்கர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்தது. தூக்கியவர்கள் ஓரமாக ஒதுங்கி அதற்கு வழி விட்டார்கள்.

நம்பிக்கையை அவர் எனக்கு விட்டுப்போகவில்லை. அது அவரிடமும் இல்லை. போய் நிற்கிற பழக்கம் ஒன்று மட்டும் அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. வரைபடத்தை மறுபடி சரிபார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன வாரம் தெற்கே இன்னொரு குப்பத்துக்குப் போனேன். அதிகாரிகள் வந்தால் எதையும் எடுக்காதீர்கள், எல்லாம் கிடக்கிறபடி கிடக்கட்டும் என்று சொன்னேன். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிராமல் சொன்னார்: "அவுங்க வந்துட்டுப் போயிட்டாங்கம்மா. அன்னிக்கு நல்ல மீன்பாடு. எல்லாரும் கடலுக்குப் போயிட்டோம். கரையில ஒரு படகுகூட இல்ல."

பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து கரை நிறையும் வரை இருந்துவிட்டு பஸ் ஏறினேன்.