சட்டிச்சோற்றின் மேல் போட்ட பழி

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி வறுத்தால், எங்கள் வீட்டில் கறியைவிடச் சட்டிக்குத்தான் மவுசு. அடிப்பிடித்துக் கருகிய மசாலாவில் சுடுசோற்றைப் போட்டுப் பிரட்டினால் சட்டிச்சோறு. கருமத்தம்பட்டியிலிருந்து அக்கா வந்தால் அது அவளுக்கே. வேண்டுமென்றே கொஞ்சம் தீயவிட்டு, வழித்து, நான் ஒரு வாய்கூட எடுக்காமல் கொடுத்துவிடுவேன். என் தியாகத்தில் எனக்கு அவ்வளவு பெருமை.

போன வருஷம் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்றார்கள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அந்த நேரம் பார்த்து எங்கோ படித்துத் தொலைத்தேன்: இறைச்சி கருகும்போது உண்டாகும் ஒரு பொருள், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் போல நடந்துகொண்டு மார்பகச் செல்களைத் தூண்டிவிடக்கூடுமாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்காவின் டாக்டரிடமே கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க டாக்டர், சட்டிச்சோத்துனால வந்திருக்குமுங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "ஆய்வுக்கூடத்துல அப்படித் தெரியுதுங்க. மனுசங்ககிட்ட இன்னும் உறுதியாகலை. இவங்களுக்கு எதனால வந்துதுன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க. கருகுனதைக் குறைச்சுக்கங்க. கூடப்பொறந்த நீங்களும் மார்பகத்துக்கு ஒரு மேமோகிராம் டெஸ்ட்டு எடுத்துருங்க."

கருகல் மட்டும்தான் என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து சமையலறையில் போலீஸ் ஆட்சி. தோசை ஓரம் சிவந்தால்கூடக் குப்பைக்குப் போனது. ஒரு கெடாவெட்டு விருந்தில், சமையல்காரரின் கரண்டியைப் பிடுங்கிவிட்டு அடுப்பைத் தணித்தேன்.

"அம்மணி, இது வறுவலுங்களா, ரசமுங்களா?" என்றார் அவர்.

மேமோகிராம் மட்டும் தீபாவளி கழியட்டும், பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போனது.

பொங்கலும் கழிந்த ஒரு ஞாயிறு, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏங் கண்ணு, டெஸ்ட்டுக்குப் போனியா?"

"சட்டிச்சோறு தின்னது நீங்கதானுங்க்கா. எனக்கெதுக்கு டெஸ்ட்டு?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

"அப்ப, நானே தின்னு தேடிக்கிட்டேன்னுதான் இத்தனை நாளா நெனச்சுட்டு இருந்தியா?"

அப்படித்தான் நினைத்திருந்தேன். பழி அவள் தட்டில் இருக்கும்வரை என் உடம்புக்கு ஒன்றும் வராது என்று நம்பியிருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"பயமா இருக்குதுங்க்கா" என்றேன்.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு கண்ணு" என்று குழாயை மூடினாள் அக்கா. "நாளைக்குக் காத்தால கெளம்பி நில்லு. நானும் கூட வாரேன்."