கன்னியப்பன் விழுங்காத மாத்திரைகள்

ஐம்பதுகளில், காசநோய்க்குப் புது மாத்திரைகளை வீட்டிலேயே கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சியில் நான் நர்சாக இருந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் நோயாளி வீட்டுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணுவதும், சிறுநீர் வாங்கிச் சோதிப்பதும் என் வேலை.

ராயபுரத்தில் கன்னியப்பன் என்ற துறைமுகக் கூலி. மாத்திரை எண்ணிக்கை எப்போதும் சரியாக இருக்கும். சிறுநீரில் மட்டும் மருந்தே தெரியாது.

"வேளாவேளைக்குத் துன்னுகினுதான் கீறேன், நர்சம்மா" என்று சத்தியம் செய்தார். எனக்கு ஆத்திரம். ஏன் பொய் சொல்கிறார் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. 'மருந்து சாப்பிட மறுக்கிறார்' என்று எழுதினேன். ஆராய்ச்சியிலிருந்து அவர் பெயரை நீக்கிவிட்டார்கள்.

மீதி மாத்திரைகளைத் திரும்ப வாங்கப் போனேன். அவர் மனைவி டப்பாவோடு வந்தாள். அவளுக்கும் அதே நோய். முன்பே காசநோய்க்கு ஊசி மருந்து போட்டுக்கொண்டவர்களை ஆராய்ச்சியில் சேர்ப்பதில்லை என்று அவளைத் திருப்பி அனுப்பியது நான்தான். அன்று எலும்பும் தோலுமாக இருந்தவளுக்கு இப்போது கன்னத்தில் சதை பிடித்திருந்தது.

"நீங்க என்னைச் சேத்துக்கலன்னு எம் புருசன் தன் மாத்திரைய எனக்குக் குடுத்துச்சு, நர்சம்மா. இத்தையும் எடுத்துகினு பூட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

விதிப்படி டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் படுக்கைக்குக் காத்திருக்கும்போதே கன்னியப்பன் போய்விட்டார். அடுத்த மழைக்காலத்தில் அவளும்.

ஆராய்ச்சியின் முடிவில், மருந்து குணமாக்குகிறது என்று அறிவித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். என் கை எழவில்லை. அது குணமாக்குவதை அவள் கன்னத்தில் பார்த்த பிறகுதான் நான் டப்பாவை வாங்கி வந்தேன்.