செல்லசாமி சொன்ன சிறுத்தை

இலங்கையில் மஸ்கெலியாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் செல்லசாமி முப்பது வருஷம் சமையல்காரராக இருந்தார். வேலை ஓய்ந்தாலும் வாய் ஓயவில்லை. துரை தீக்காயும் அறையில் தொங்கிய சிறுத்தைப் படத்தைப் பற்றி தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அவர் அளந்த கதைகள் கொஞ்சமா! கன்றுக்குட்டி அளவாம், எந்தப் பக்கம் போனாலும் முறைக்குமாம். மனைவி வேலாயி எதையும் நம்பவில்லை. பார்த்திருந்தால்தானே நம்புவதற்கு? வேலைக்காரர் குடும்பத்துக்கு அப்போதெல்லாம் பின்கேட்டோடு சரி.

துரைமார் போனபின் பாழடைந்து கிடந்த பங்களாவைக் கொழும்புக்காரர் ஒருவர் வாங்கினார். பழைய மாதிரியே திருத்திக் கட்டி, மிஞ்சிக் கிடந்த பழைய படங்களோடு தான் சேர்த்த ஓவியங்களையும் அறை அறையாக மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை யாரும் பார்க்கலாம் என்றதும் வேலாயி நல்ல சேலையை எடுத்துக் கட்டினார்.

"வாங்க, இன்னைக்கு ஒங்க சிறுத்தையப் பாத்துப்புடுவோம்."

செல்லசாமி அரைமனதோடு கூடவே கிளம்பினார். படம் அங்கே இல்லாவிட்டால் சாகும்வரை இந்தப் பேச்சுத்தான்.

கேட்டைத் தாண்டியதும் கால்கள் தாமாகப் பின்பக்கச் சமையலறை வாசலுக்குத் திரும்பின. வருகிறவர்களுக்கு வழிகாட்டும் பிரியந்தி கூப்பிட்டாள்: "தாத்தா, குசினிக் கதவு பூட்டியிருக்குங்க. முன்னாடியே வாங்க."

முன்வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் தயங்கி நின்றார். வேலாயி கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"வலது பக்கம், ரெண்டாவது அறை" என்று மிடுக்காக நடந்தார் செல்லசாமி. அங்கே ஆபீஸ் மேசைதான் இருந்தது. அடுத்த அறையில் ஏதோ மலை, ஏதோ ஆறு. வேலாயி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். பிரியந்தியைக் கேட்டிருக்கலாம். முப்பது வருஷம் புழங்கிய வீட்டில் வழி கேட்பதா?

சட்டென்று செல்லசாமிக்கு உறைத்தது. இந்த வீட்டுக்குள் அவர் முன்பக்கமிருந்து வந்ததே இல்லை. விறுவிறுவென்று நடைக்கோடிக்குப் போனார். பூட்டிய குசினிக் கதவுக்கு முதுகைக் கொடுத்துத் திரும்பி நின்றார். தேத்தண்ணித் தட்டு ஏந்துவதுபோலக் கைகள் உயர்ந்தன.

"இப்ப வா, புள்ள."

வலது பக்கம், இரண்டாவது அறை. கணப்புக்கு மேலே சிறுத்தை இருந்தது. பூனையைவிடக் கொஞ்சம் பெரிது.

"கன்னுக்குட்டின்னீங்களே?"

"தட்டோட நின்னுக்கிட்டுப் பாத்தா அப்பிடித்தான் தெரியும்."

வேலாயி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து பார்த்தார். "மொறைக்கத்தான் செய்யுது" என்று ஒப்புக்கொண்டார். செல்லசாமிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

படத்துக்கு எதிரே நீளமான இருக்கை ஒன்று கிடந்தது. வேலாயி அதில் சாய்ந்துகொண்டு பக்கத்தைத் தட்டினார். "உக்காந்து பாருங்க."

அந்த அறையில் செல்லசாமி ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. கதவைத் திரும்பிப் பார்த்தார். யாரும் மணியடித்துக் கூப்பிடவில்லை. உட்கார்ந்தார்.