எஸ்தர் டீச்சர் தேடிய பிறந்தநாள்

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நான் 'இன்றைய நாள்' வாசித்துக்கொண்டிருந்தேன். அது எஸ்தர் டீச்சரின் வேலை. அவர் மதுரை ஆஸ்பத்திரியில் படுத்ததிலிருந்து என் தலையில் விழுந்திருந்தது. எங்கோ ஒரு தேசத்தில் முதல் ரயில் ஓடிய நாள் என்று பாதி வாசித்திருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. டீச்சரின் வீட்டுக்காரர்தான். "சார், எஸ்தர் போயிட்டா. மத்தியானத்துக்குள்ள பாளையம்பட்டிக்குக் கொண்டாந்துருவோம்" என்றார். நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டு அந்த ரயிலை எப்படியோ ஓட்டி முடித்தேன். எட்டாம் வகுப்பு வரிசையில் மாரிச்செல்வி மட்டும் ரயிலைக் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டீச்சரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். எங்கள் நடுநிலைப்பள்ளி, அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கிக் கருவேலங்காட்டுக்குள் நடந்து போகிற இடத்தில் இருக்கிறது. பதினாறு வருடம் அவர் அங்கே ஆசிரியை, நான் தலைமையாசிரியர். தினமும் அவர் வாசிப்பது நாலே வரி. அந்தத் தேதியில் உலகத்தில் நடந்த இரண்டு சம்பவங்கள், அன்று பிறந்த ஒரு பெரிய மனிதர், பிறகு அன்று பிறந்த எங்கள் பள்ளிப் பிள்ளை. விஞ்ஞானிக்கும் மூன்றாம் வகுப்பு முனியசாமிக்கும் குரலில் ஒரு வித்தியாசமும் இருக்காது. நான் கேலி செய்ததுண்டு. "பெரிய மனுசங்க பிறந்த அன்னைக்கு அவுகளும் கைப்பிள்ளதான சார்?" என்பார்.

இந்த நாலாவது வரியில்தான் என் குட்டு வெளிப்பட்டது. எங்கள் ஊர்ப்பக்கம் கருவேலமரத்தை வெட்டி மண்மூடி எரித்துக் கரி எடுக்கிற குடும்பங்கள் உண்டு. கரிமூட்டம் போடுகிற இடமே அவர்களுக்கு வீடு. ஒரு காடு தீர்ந்தால் அடுத்த காடு. பிள்ளை அங்கேயே பிறக்கும், சான்றிதழ் இருக்காது. பள்ளியில் சேர்க்க வரும்போது தேதி கேட்டால், "நீங்களே ஒண்ணப் போட்டுக்கங்க சார்" என்பார்கள். நானும் போட்டேன். அவர்கள் எல்லோருக்கும் ஜூன் ஐந்து. ஜூலைக்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும், கணக்குச் சரியாக வரும், அவ்வளவுதான் என் யோசனை. டீச்சர் வந்த முதல் வருடம் அந்தத் தேதியில் பிறந்தநாள் பிள்ளைகளை முன்னால் கூப்பிட்டார். பதினோரு பேர் வந்து நின்றார்கள்.

அன்று உலகச் சுற்றுச்சூழல் நாளும்கூட. பதினோரு பேர் கையிலும் ஆளுக்கொரு புங்கன் கன்றைக் கொடுத்தோம். ஒரு பயல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கரிக்கு ஆகாது டீச்சர்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் என் அறைக்கு வந்து, "பதினோரு பிள்ளைய ஒரே நாள்ல பெத்துப் போட்டிருக்கீக சார்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. விதி, படிவம் என்று ஏதோ உளறினேன்.

அந்த வாரத்திலிருந்து சனிக்கிழமைகளில் அவர் மூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தார். அந்தத் தாய்மார்களுக்குத் தேதிதான் தெரியாதே தவிர, நாள் தெரியும். "அமாவாசைக்கு மறுநாள்", "மூட்டம் பிரிச்சு லோடு ஏத்துன அன்னைக்கு", "அவுக வீரசோழன் சந்தைக்குப் போயிருந்தாக" என்பார்கள். டீச்சர் பாளையம்பட்டிக் கடைகளில் பழைய பஞ்சாங்கம், பழைய காலண்டர் என்று கேட்டு வாங்கிச் சேர்த்தார். சர்ச்சுக்குப் போகிற பெண் கையில் பஞ்சாங்கமா என்று அவர்கள் சபையிலேயே கிண்டல் செய்தார்களாம். அவரோடு ஒருமுறை நானும் போனேன். ஒரு தாய் யோசித்துக்கொண்டிருந்தபோது, "வெள்ளிக்கிழமையா இருக்குமோ?" என்று வாயைவிட்டேன். அந்தம்மா உடனே, "ஆமா சார், வெள்ளிதான்" என்றது. திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குத் திட்டு. "நாம எடுத்துக் குடுத்துறக் கூடாது சார். சார்வாள் சொன்னா அவுக ஆமான்னுதான் சொல்லுவாக. அவுகளாச் சொல்லணும்."

அந்தப் பதினோரு பேருக்கும், பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்கும் இப்படித்தான் தேதி கிடைத்தது. பதிவேட்டில் ஏறியது ஏறியதுதான், அதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. ஆனால் காலைக் கூட்டத்தில் அவரவர் உண்மையான நாளில் கைதட்டு வாங்கினார்கள்.

கிடைக்காமல் நின்றது மாரிச்செல்விக்கு மட்டும். பதிவேட்டில் அவளுக்கும் நான் போட்ட ஜூன் ஐந்துதான். அவளைப் பெற்ற அன்றே தாய் மூட்டத்தடியில் இறந்துபோனாள். தகப்பனுக்கு முதலில் நினைவு வந்தது ஒன்றுதான்: அன்று மழை பெய்து மூட்டம் அணைந்துபோனது. டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? கூட்டத்தின் கடைசியில், "மாரிச்செல்விக்கு இன்னைக்காக்கூட இருக்கலாம்" என்று தினமும் சொல்லி எல்லோரையும் கைதட்ட வைத்தார். எனக்கு அது பெரிய கருணையாகத் தெரிந்தது. சின்ன வகுப்பில் அவளும் குதித்துக்கொண்டுதான் நின்றாள். ஏழாம் வகுப்பில் ஒருநாள் எங்கள் இருவரிடமும் வந்தாள். "நாளையில இருந்து அதச் சொல்லாதீக டீச்சர். எல்லாருக்கும் ஒரு நாளு இருக்கு. எனக்குத் தெனமும்னா ஒண்ணுமில்லன்னுதான அர்த்தம்?" டீச்சர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்தார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்புதாம்மா. நீ எட்டாப்பு முடிக்குமுன்ன கண்டுபிடிச்சுத் தாரேன்" என்றார்.

அந்த வாக்கைக் கொடுக்கும்போதே அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டிருந்தது. வாரம் இரண்டு முறை மதுரைக்குப் போய் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருவார். மறுநாள் கையில் பஞ்சுக்கட்டோடு திருச்சுழி தாலுகா ஆபீஸில் நிற்பார், பழைய மழைப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று. நாலாவது தடவை காட்டினார்கள். இதற்குள் தகப்பனிடம் திரும்பத் திரும்பக் கேட்டு மாதத்தை மட்டும் வாங்கியிருந்தார். அந்த மாதத்தில் மழை பதிவானது நாலே நாள், நாலும் வேறு வேறு கிழமை. அதில் எது என்று சொல்ல உலகத்தில் ஒரே ஆள்தான் மிச்சம். அவளுக்குத் தொப்புள்கொடி அறுத்த பேச்சி. அந்தம்மாளோ செங்கல் சூளை வேலைக்கு என்று எங்கோ போய்விட்டார். எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. "போதும் டீச்சர், உடம்பைப் பாருங்க" என்றேன். "உடம்பப் பாக்க டாக்டரு இருக்காரு. இதப் பாக்க யாரு இருக்கா?" என்றார்.

நான் கடைசியாக அவரைப் பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். முகம் வீங்கியிருந்தது. "பேச்சி கிடைச்சாகளா சார்?" என்றுதான் கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "கிடைச்சாச்சு டீச்சர், தேதியும் சொல்லிட்டாக" என்று வாயில் வந்த ஒரு தேதியைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். நிம்மதியாகிவிட்டார் என்று நினைத்தேன். "அன்னைக்கு என்ன கிழமைன்னாக?" என்றார். "வியாழன்" என்றேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு, "அந்த நாலுல வியாழன் கிடையாது சார். திரும்பவும் நீங்களே பெத்துட்டீகளா?" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். "மாரிச்செல்விகிட்ட இந்தத் தேதியச் சொல்லிராதீக" என்று மட்டும் சேர்த்தார்.

அந்த நாலு நாளை அவர் என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார். காதுகொடுத்துக் கேட்டிருந்தால் பொய்யையாவது ஒழுங்காகச் சொல்லியிருப்பேன். ஒன்பது நாள் கழித்து, காலைக் கூட்டத்தில் அந்த ரயில் வரியை வாசிக்கும்போது போன் வந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் மாரிச்செல்வி என் அறை வாசலில் வந்து நின்றாள். "டீச்சர் கண்டுபிடிச்சிட்டாகளா சார்?" என்றாள். முப்பது வருடமாகத் தேதி கேட்டவர்களுக்கெல்லாம் தேதி கொடுத்துப் பழகியவன் நான். அன்று முதல்முறையாக, "தெரியலம்மா" என்றேன். அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. "சரி சார்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

இன்னும் ஐந்து வாரத்தில் அவள் எட்டாம் வகுப்பை முடிக்கிறாள். அவளுடைய மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதி என்கிற கட்டத்தில் ஜூன் ஐந்து என்று எழுதி, கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். நான் செய்த தப்பை நானே முத்திரை குத்தி அவள் கையில் கொடுக்கப்போகிறேன். மூன்று சனிக்கிழமை நானும் அலைந்துவிட்டேன். மூட்டங்களைப் பார்த்தாயிற்று, சூளைகளைப் பார்த்தாயிற்று. கண்டுபிடித்துவிடுவேன் என்று இங்கே எழுத ஆசைதான். பொய் சொல்ல இனி மனம் வரவில்லை.

டீச்சரின் பஞ்சாங்கக் கட்டை அவர் வீட்டுக்காரர் என்னிடம் கொடுத்துவிட்டார். அதுவும், மனப்பாடமாகிவிட்ட அந்த நாலு நாளும், அவரிடம் வாங்கிய திட்டும்தான் எனக்கு அவர் விட்டுப்போனவை. அவரை அறிந்தவர்களே, மாலையும் பேனரும் அவருக்கு வேண்டாம். கரிமூட்ட வேலை பார்த்த பேச்சி என்கிற அம்மாளை எந்தச் சூளையிலாவது பார்த்தால், மழையில் மூட்டம் அணைந்த அன்று ஒரு பிள்ளைக்குத் தொப்புள்கொடி அறுத்தது நினைவிருக்கிறதா, அன்று என்ன கிழமை என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவராகச் சொல்ல வேண்டும்.