மேலே ஓடுவதா, கீழே ஓடுவதா

காற்று வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே ஓட வேண்டுமா, கீழே ஓட வேண்டுமா? இண்டர்மீடியட் வரை படித்தவள், நான்கு வயதுப் பெண்ணுக்குத் தாய், இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை. திண்டிவனத்தில் கேட்டால் சிரிப்பார்கள். இங்கே, அமெரிக்காவின் கான்சாஸில், கேட்காமலேயே சிரித்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் விழுப்புரத்துக்காரர். இங்குள்ள கல்லூரியில் கோதுமை ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்ததால் வந்தோம். வந்த வாரமே பக்கத்து வீட்டு எட்னா அம்மாள் எங்கள் வீட்டின் அடியில் இருக்கும் நிலவறையைக் காட்ட வந்துவிட்டார். செங்குத்தான பன்னிரண்டு படிகள், நான்கு சிமெண்டுச் சுவர், கூரையருகே கையகலச் சன்னல். சுழற்காற்று வருகிறதென்று சைரன் ஊதினால் இங்கே வந்து உட்கார வேண்டும் என்றார். "தண்ணீர் வந்தால் எப்படி ஏறித் தப்பிப்பது?" என்று கேட்டேன். "ஒழுகாது கண்ணே, போன மாதம்தான் ஆள் வந்து குழாயைப் பார்த்தான்" என்றார். ஊரே தண்ணீரானால் என்று கையை விரித்துக் காட்டினேன். அவர் அன்போடு என்னை அழைத்துப் போய்க் குழாயைத் தொட்டுக் காட்டினார். தலையாட்டினேன். இந்த நாட்டில் நான் நன்றாகத் தேறியிருப்பது தலையாட்டுவதில்தான். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வாரம் ஒருநாள் நண்பகலில் சைரனை ஊதுகிறார்கள். வானமே அலறுகிறது. கீழே எல்லாரும் நிமிராமல் ரொட்டி தின்கிறார்கள். ஆபத்துக்கும் மணியடித்து நேரம் ஒதுக்கிவிட்ட பெருமை அவர்களுக்கு.

எங்கள் ஊர்ப் பெருமை வேறு விதம். திண்டிவனத்தில் எங்கள் வீடு ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது. ஏரி நிரம்பினால் மிகுந்த தண்ணீர் வழிந்து போவதற்கென்று கரையில் ஒரு கலங்கல் உண்டு. அது வழிய ஆரம்பித்தால் எங்கள் நிலக்காரர்களுக்கு வயிறு எரியும். பனந்துண்டு போட்டு, மண் கொட்டி அடைத்துவிடுவார்கள். என் பெரியப்பாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். "கலங்கல்ல போற தண்ணி கடலுக்குத்தானே போவுது? கடலுக்கு இன்னா கொறச்சல்?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குப் பதினோரு வயதானபோது ஒரு கார்த்திகையில் புயல் வந்தது. ஓடு பறந்தது, புளியமரம் சாய்ந்தது, இரவு முழுக்கக் கொட்டியது. விடிந்தபோது காற்று நின்றிருந்தது. புயல் போய்விட்டது என்று தெருவே வெளியில் வந்து, யார் வீட்டு ஓடு யார் முற்றத்தில் என்று பேசிக்கொண்டிருந்தது. மேற்கே இருந்த சிற்றேரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து, அந்தத் தண்ணீரெல்லாம் எங்கள் ஏரியில் வந்து சேர்ந்துகொண்டிருந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் கலங்கலைத் திறந்திருப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

"ஏரி ஒடையுது! மெத்த மேல ஏறுங்க!" என்ற கூச்சல் கேட்டதும் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து மாடிக்கு ஓடினாள். எங்கள் நிலத்தில் வேலை செய்த அஞ்சலையும் எங்களோடு ஏறினாள். ஏறியவள் பாதிப் படியில் நின்றாள்.

"கூலி மல்லாட்ட மூட்ட வூட்லயே கெடக்குதும்மா. எடுத்துக்கினு தோ வந்துர்றேன்."

"ஏய், பேஜாரு பண்ணாத, ஏறுடி ஜல்தி!"

"காத்துதான் நின்னுபூட்ச்சேம்மா. இன்னா பண்ணப்போவுது?"

அந்த வேர்க்கடலை மூட்டைக்காக இறங்கினாள். பிறகு நாங்கள் பார்த்தது செந்நிறத் தண்ணீரைத்தான். ஜீப்பில் வந்த அதிகாரிகள் சேதப் பட்டியல் எழுதினார்கள். ஓட்டு வீடு, கூரை வீடு, மாடு, ஆடு என்று கேட்டுக்கொண்டே போய்க் கடைசியில்தான் ஆள் என்று கேட்டார்கள். பெரியப்பா அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். கலங்கலில் கிடந்த மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இப்போது சொல்லுங்கள், போன சித்திரையில் ஒரு பிற்பகல் வானம் அழுகிய பச்சையாக மாறி, நண்பகல் அல்லாத நேரத்தில் சைரன் ஊதியபோது நான் வேறென்ன செய்திருப்பேன்? உமாவை வாரிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். மாடியிலிருந்து பரணுக்கும் ஏறினேன். யோசித்து ஏறவில்லை. என் கால்கள் ஏறின. உமா என் தோளைக் குத்திக்கொண்டு, "கீள போணும்மா! ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க, கீள!" என்று அழுதாள். கூரை முனகியது. எட்னா அம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, மூட்டுவலிக் காலோடு பரண்வரை ஏறி, என் பின்னலைப் பிடிக்காத குறையாக எங்களை நிலவறைக்கு இழுத்துப் போனார். சுழற்காற்று ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் இறங்கி, களஞ்சியத்தின் கூரையைப் பிய்த்துவிட்டு, பக்கத்திலிருந்த கோழிக்கூண்டை அசைக்காமல் போயிற்று. அந்தப் பண்ணைக்குப் பதில் எங்கள் வீடாக இருந்திருந்தால், பாடம் அறிந்த குழந்தையை அறியாத தாய் கொன்றிருப்பாள்.

மாலையில் என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். "இன்னா சரோஜா, இண்டர்மீடியட் படிச்சவ பரண் மேல ஏறிக்கினியாமே? காலேஜ் பூரா இதான் பேச்சு." பிறகு காகிதத்தில் படம் போட்டார். தெற்குக் கடலிலிருந்து வரும் ஈரமான சூட்டுக்காற்று, மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று. இரண்டும் சேருமிடத்தில் ஈரக்காற்று விருட்டென்று மேலே எழும்பி இடிமேகமாகிறது. தரையருகே ஒரு திசையிலும் உயரத்தில் வேறு திசையிலும் காற்று வீசுவதால் அந்த எழுச்சி சுழலத் தொடங்குகிறது; சுழல் ஒடுங்க ஒடுங்க வேகம் ஏறித் தும்பிக்கை போல் தரையைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் சில நிமிஷம்தான். நம் புயலோ சூடேறிய வங்கக்கடலில் நாட்கணக்கில் ஊறி, தென்னார்க்காடு முழுவதையும் மூடும் அகலத்தில் வரும்; கரையேறியதும் காற்று தளரும், மழை தளராது. இங்கே உயரத்தில் இருப்பவன் சாவான், அங்கே பள்ளத்தில் இருப்பவன் சாவான். அழகான படம். சைரன் ஊதியபோது படமும் அதைப் போட்டவரும் கல்லூரியில் பத்திரமாக இருந்தார்கள்.

வரும் ஆவணியில் ஊர் திரும்புகிறோம். அவருக்கு வேலை அமையும்வரை நானும் உமாவும் திண்டிவனத்தில், அதே வீட்டில் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இரண்டும் அங்கேதான். ஏரி பற்றி எழுதும்படி அண்ணனைக் கேட்டிருந்தேன். போன மார்கழியில் பதில் வந்தது: "கலங்கலில் இந்த வருஷமும் மண் போட்டிருக்கிறார்கள். தளும்பி நிற்கிறது, பார்க்க அழகாக இருக்கிறது." படித்தவர் என் அண்ணன், பள்ளி ஆசிரியர்.

நேற்று உமாவைப் பழக்கலாம் என்று கூடத்தில் நிறுத்தி, "காத்து!" என்றேன். நிலவறைக் கதவுக்கு ஓடினாள். "ஏரி ஒடையுது!" என்றேன். நின்றாள். "ஏரின்னா இன்னாம்மா?" என்று கேட்டாள். காற்று வந்த மறுநாள் தண்ணீர் வரும், அந்த ஊரில் மேலே ஏற வேண்டும் என்றேன். மறுபடி "காத்து!" என்றபோது மாடிப்படியில் பாதி ஏறி, திரும்பி என்னைப் பார்த்து, அங்கேயே உட்கார்ந்து, பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள். அஞ்சலை நின்றதும் பாதிப் படியில்தான்.

ஏரிக்குக் கீழே குடியிருப்பவர்களே, என்னைப் போலக் காற்று நாடுகளில் பிள்ளை வளர்ப்பவர்களே, நான்கு வயதுக் குழந்தைக்கு, யோசிக்கும் முன்பே ஓடிவிடும் கால்களுக்கு, இரண்டு ஊருக்கும் பொருந்தும்படி என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து ஆவணிக்குள் எழுதுங்கள். கலங்கலில் மண் போடுகிறவர்கள் எழுத வேண்டாம். அவர்கள் மண்ணை எடுத்தால் போதும்.